எண்கள் வரைந்த மூளைப்படம்

மாணவர்களின் கையெழுத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய ஆசிரியனுக்கு, ஏட்டைத் திறந்த மாத்திரத்திலேயே அது யாருடையது என்று தெரிந்துவிடும். 1996ஆம் ஆண்டில் நான் நான்காம் ஆண்டுக்கு வகுப்பாசிரியனாக இருந்தேன். பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வகுப்பில் ஒரு சிறுவன் முத்து முத்தாக எழுதுவான். ஆண்டின் நடுப்பகுதியில் அவனது எழுத்து கோட்டைவிட்டு இறங்கத் தொடங்கியது. ழகரத்தின் சுழி பெருத்து அடுத்த எழுத்தின்மேல் ஏறி நின்றது. ‘கவனம் தேவை’ என்று சிவப்பு மையால் எழுதினேன். மறுவாரமும் அதையே எழுதினேன். காலையில் வாந்தி என்று சொல்லி அவன் அடிக்கடி பள்ளிக்கு வராதிருந்தான். மட்டம் போடக் கற்றுக்கொண்டான் என்றே ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். ஒரு நாள் அவன் தாயார் வந்து, “சார், புள்ள நடக்கிறப்ப செவுத்தப் புடிச்சிக்கிட்டே நடக்கிறான்” என்று கலங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். சிறுமூளையில் கட்டி.

அந்தப் படத்தை நானும் கண்டேன். மருத்துவர் அதை ஒளிப்பெட்டியில் செருகிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகப் பல படங்கள். எனக்கு எதுவும் புலப்படவில்லை. அவர் ஓரிடத்தில் விரலை வைத்தார். அதன் பின்னர் அந்த இடத்தைத் தவிர வேறெதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் படம் எவ்வாறு உண்டாயிற்று, அதிலிருந்து கட்டியைப் பிரித்தறிய மனிதன் எவ்வாறு கற்றான் என்னும் வினா அன்றிலிருந்து என்னை விடவில்லை. மருத்துவம் படிக்காத ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன் இத்தனை ஆண்டுகளில் படித்துத் தெரிந்துகொண்டவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

மூளையை இயற்கை எலும்புப் பேழைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறது. வயிற்றில் கட்டி வந்தால் கையால் தடவிப் பார்க்கலாம். நெஞ்சைத் தட்டிப் பார்த்து ஓசையால் அறியலாம். மண்டையோட்டின்மீது இவை எதுவும் செல்லாது. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவர்கள் உடலின் பிற உறுப்புகளைப் பார்த்து மூளையின் நிலையை ஊகித்தனர். இடக்கை தளர்ந்தால் மூளையின் வலப்பக்கத்தில் கோளாறு. நடை தள்ளாடினால் சிறுமூளையில் கோளாறு. இவ்வூகம் எத்துணை நுட்பமாக வளர்ந்திருந்தது என்பதற்கு 1884ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இலண்டனில் நிகழ்ந்த அறுவையே சான்று. ஹியூஸ் பென்னட் என்னும் நரம்பியல் மருத்துவர், ஓர் இளைஞரின் இடக்கையில் கண்ட தளர்ச்சியையும் வலிப்பையும் மட்டுமே கொண்டு, கட்டி இன்ன இடத்தில்தான் இருக்கும் என்று குறித்துக் கொடுத்தார். ரிக்மன் காட்லி என்னும் அறுவை மருத்துவர் அவ்விடத்தைத் திறந்தார். கட்டி அங்கேயே இருந்தது. அதை அகற்றியும் விட்டார். ஆயினும் ஒரு மாதம் செல்வதற்குள் நோயாளி அறுவைப் புண்ணின் நச்சுத்தொற்றினால் இறந்தார். காட்லி யார் தெரியுமா? கிருமிநீக்க அறுவையின் தந்தை எனப் போற்றப்படும் ஜோசப் லிஸ்டரின் மருமகனேதான். வரலாற்றில் இத்தகைய முரண்கள் உண்டு.

பதினோர் ஆண்டுகள் கழித்து, 1895 நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டுபிடித்தார். தம் துணைவியாரின் கை எலும்புகளை அவர் படம் பிடித்துக் காட்டியபோது, மனித உடலின் கமுக்கங்கள் யாவும் வெளிப்பட்டுவிட்டன என்றே உலகம் எண்ணியது. ஆனால் மூளை மட்டும் தன் கமுக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. காரணம் எளிது. ஊடுகதிர்ப் படம் என்பது ஒரு நிழல். கதிர் எங்கு மிகுதியாகத் தடுக்கப்படுகிறதோ அங்கு நிழல் வேறுபடும். எலும்பு கதிரை நன்றாகத் தடுக்கும். மூளைத் திசுவும் அதனுள் வளரும் கட்டியும் ஏறத்தாழ ஒரே அளவுதான் தடுக்கும். அந்தச் சிறு வேறுபாட்டையும் மண்டையோட்டின் நிழல் மூடி மறைத்துவிடும். சுண்ணாம்பு படிந்த கட்டியாக இருந்தாலோ, கட்டி எலும்பையே அரித்திருந்தாலோ அன்றி, சாதாரண ஊடுகதிர்ப் படத்தில் மூளைக்கட்டி தெரிய வழியில்லை.

படத்தில் வேறுபாடு இல்லையென்றால் வேறுபாட்டை நாமே உண்டாக்கினால் என்ன என்று சிந்தித்தவர், அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வால்ட்டர் டாண்டி. மூளையின் நடுவே அறைகள் போன்ற குழிகள் உள்ளன. அவற்றில் தெளிந்த நீர் நிரம்பியிருக்கும். 1918இல் டாண்டி மண்டையோட்டில் துளையிட்டு அந்நீரை எடுத்துவிட்டு, அதனிடத்தில் காற்றைச் செலுத்தி ஊடுகதிர்ப் படம் பிடித்தார். காற்று கதிரைத் தடுக்காது. எனவே அக்குழிகளின் வடிவம் படத்தில் விழுந்தது. ஒரு குழி நசுங்கியோ ஒதுங்கியோ காணப்பட்டால், அதன் பக்கத்தில் ஏதோ வளர்ந்து அதை நெருக்குகிறது என்று பொருள். அடுத்த ஆண்டே, முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஊசி குத்தி அதன் வழியாகவும் காற்றைச் செலுத்தலாம் என்று காட்டினார்.

அறிவுக்கூர்மை மிக்க வழிதான். ஆனால் அதைத் தாங்கியவர்கள் யார்? முதுகில் குத்திய ஊசியின் வழியே நீர் வடிந்து காற்று தலைக்குள் ஏறும்போது நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் உண்டாகும். காற்று எல்லாக் குழிகளையும் சென்றடைய வேண்டுமென்று நோயாளியைப் பல வாட்டங்களில் சாய்த்தும் புரட்டியும் படம் எடுப்பர். பிற்காலத்தில் இதற்கென்றே நோயாளியைக் கட்டி வைத்துத் தலைகீழாகச் சுழற்றும் நாற்காலிகளைச் செய்தனர். படம் எடுத்து முடிந்த பின்னும், புதிய நீர் ஊறிக் காற்று கரையும் வரை, வலி நாட்கணக்கில் தொடரும். கட்டியினால் ஏற்கெனவே தலைக்குள் அழுத்தம் ஏறியிருந்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. இம்முறை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நடைமுறையில் இருந்தது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் ஏகாஸ் மோனிஸ் வேறொரு வழியைத் தேடினார். மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயில் கதிரைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால், குருதிக்குழாய்கள் மரத்தின் கிளைகள்போல் படத்தில் தெரியும் அல்லவா? கிளைகள் வளைந்து ஒதுங்கிய இடத்தில் கட்டி இருக்கும். 1927இல் சோடியம் அயோடைடு கரைசலைக் கொண்டு அவர் இதனைச் செய்து காட்டினார். அதற்கு முன் வேறு மருந்தைக் கொண்டு செய்த சோதனையில் ஒரு நோயாளி உயிரிழந்தார். பின்னர் சில ஆண்டுகள் தோரியம் கலந்த மருந்தொன்றைப் பலரும் பயன்படுத்தினர். படம் மிகத் தெளிவாக விழுந்தது. ஆனால் அது கதிரியக்கம் உடையது. உடலைவிட்டு வெளியேறாமல் கல்லீரலில் தங்கிப் பல்லாண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கியது. ஒரு கட்டியைக் காணப் போய் இன்னொரு கட்டியை விதைத்த கதை அது.

டாண்டியும் மோனிஸும் செய்தவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டிலும் கட்டி தெரியவில்லை. கட்டி எதை நெருக்கியதோ அதுவே தெரிந்தது. இரண்டிலும் படம் தெளிவடைவதற்குரிய விலையை நோயாளியின் உடலே கொடுத்தது. இதற்குப் பின் வந்த வரலாறு, என் கருத்தில், அந்த விலையை உடலிலிருந்து இறக்கிக் கணக்கின் தோளில் ஏற்றிய வரலாறாகும்.

அக்கணக்கை முதலில் போட்டவருக்கு மருத்துவத்தைப் பற்றிய எண்ணமே இல்லை. ஆஸ்திரியக் கணித அறிஞர் ஜொஹான் ராடான், 1917இல், ஒரு பரப்பின் குறுக்கே செல்லும் எல்லாக் கோடுகளின் கூட்டுத்தொகைகளும் தெரிந்தால் அப்பரப்பின் ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் மீட்டுவிடலாம் என்று நிறுவினார். அது தூய கணிதமாகவே நூலகத்தில் உறங்கியது. 1956இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் ஆலன் கார்மக் என்னும் இயற்பியல் விரிவுரையாளர், குரூட் ஷூர் மருத்துவமனையின் கதிர்மருத்துவப் பிரிவில் பகுதிநேரப் பணிக்குச் சென்றார். உடலின் ஒவ்வோர் இடமும் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று தெரியாமலேயே மருத்துவம் நடப்பதைக் கண்டு வியந்தார். ராடானின் ஆய்வை அறியாமலேயே தாமாகக் கணக்கைப் போட்டு, அலுமினியத்தையும் மரத்தையும் கொண்டு சோதித்தும் பார்த்தார். அமெரிக்காவில் குடியேறிய பின் 1963இலும் 1964இலும் இரு கட்டுரைகள் வெளியிட்டார். உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படி கேட்டு வந்த கடிதங்களுள் அவருக்குச் சுவையாகத் தோன்றிய ஒன்று, சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு நிலையத்திலிருந்து வந்ததாம்!

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வில்லியம் ஓல்டெண்டோர்ஃப் என்னும் நரம்பியல் மருத்துவர், காற்றைச் செலுத்தும் முறையினால் தம் நோயாளிகள் படும் துன்பத்தைக் காணப் பொறாமல் மாற்று வழி தேடிக்கொண்டிருந்தார். விளையாட்டு இரயில் வண்டியையும் இசைத்தட்டுச் சுழலியையும் கொண்டு தம் வீட்டிலேயே ஒரு மாதிரிக் கருவி செய்தார். நெகிழிக் கட்டை ஒன்றில் ஆணிகளை மண்டையோடுபோல் சுற்றிலும் அறைந்து, நடுவே இருந்த ஆணிகளைக் கதிரினால் பிரித்துக் காட்டினார். 1961இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஆனால் அக்கருவியைத் தயாரிக்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை.

ஆனால் வென்றவர் மூன்றாமவர்தாம். இங்கிலாந்தின் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு ஓர் உழவரின் மகன். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். போர்க்காலத்தில் விமானப்படையில் ராடார் கருவிகளைப் பற்றிக் கற்றும் கற்பித்தும் வந்தவர். பின்னர் இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தில் சேர்ந்து கணினி அமைப்பதில் ஈடுபட்டார். 1967இல் அவர் தம்மைத் தாமே ஒரு வினா கேட்டுக்கொண்டார். மூடிய பெட்டி ஒன்றைத் திறக்காமல், எல்லாக் கோணங்களிலிருந்தும் கதிரைச் செலுத்தி அளந்தால், உள்ளே இருப்பது இன்னதென்று கூற முடியுமா?

இவ்விடத்தில் சற்று நின்று, நம் வகுப்பறைக் கரும்பலகையிலேயே இதனை விளக்கிப் பார்ப்போம். ஒரு சதுரத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்து, மேல்வரிசையில் இரண்டு எண்களையும் கீழ்வரிசையில் இரண்டு எண்களையும் மறைத்து எழுதுங்கள். மாணவர்களுக்குக் கூட்டுத்தொகைகளை மட்டும் சொல்லுங்கள். மேல்வரிசையின் கூட்டல் 8, கீழ்வரிசை 9. இடப்பக்க நிரல் 5. வலப்பக்க நிரல் 12. மறைந்துள்ள எண்கள் எவை? ஒரு மாணவன் 3, 5, 2, 7 என்பான். இன்னொருவன் 4, 4, 1, 8 என்பான். இரண்டும் சரியாகவே பொருந்தும். வாதம் முற்றும். அப்போது நீங்கள் மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகையையும் சொல்லுங்கள்: மேல் இடமூலையும் கீழ் வலமூலையும் சேர்ந்து 10. இரண்டாமவனின் விடையில் அது 12; ஆகவே அது தள்ளுபடி. முதலாமவனே வென்றான். கதிர் என்பது கூட்டுத்தொகையைச் சொல்லும் தூதுவன். கோணம் கூடக் கூட ஐயம் குறையும். சற்றே எளிமைப்படுத்திச் சொல்கிறேன் என்றாலும், சி.டி. கருவியின் உயிர்நிலை இதுதான். ராடான் நிறுவியதும் இதன் விரிந்த வடிவமே.

ஹவுன்ஸ்ஃபீல்டின் முதற்சோதனை பழைய கடைசல் எந்திரம் ஒன்றின் படுகையின்மேல் நடந்தது. கதிர்மூலம் வலுவற்றது. ஒரே ஒரு படத்திற்கு வேண்டிய 28,000 அளவீடுகளை எடுக்க ஒன்பது நாட்கள் ஆயின. அவற்றைக் கணினி கணக்கிட மேலும் இரண்டரை மணி நேரம். பின்னர் ஊடுகதிர்க் குழாயைப் பொருத்தி ஒன்பது நாட்களை ஒன்பது மணி நேரமாகக் குறைத்தார். மாட்டு மூளையை வாங்கி வந்து படம் எடுத்தார். ஜேம்ஸ் அம்புரோஸ் என்னும் கதிர்மருத்துவர் அவருக்குத் துணைநின்றார். 1971 அக்டோபர் முதல் நாள், இலண்டனுக்கு அருகே விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளைக்கட்டி இருக்கலாம் என்று ஐயுறப்பட்ட ஒரு பெண்மணியின் தலையை அக்கருவியில் வைத்தனர். ஒரு பாகை விட்டு ஒரு பாகையாக 180 கோணங்கள். ஒவ்வொரு கோணத்திலும் 160 அளவீடுகள். ஆக 28,800 கூட்டுத்தொகைகள். கண்டுபிடிக்க வேண்டிய கட்டங்களோ நீளத்தில் 80, அகலத்தில் 80, ஆக 6,400. நம் கரும்பலகையில் இருந்தது நான்கே கட்டம்! அளவீடுகள் பதிந்த நாடாவை மருத்துவமனையிலிருந்து இ.எம்.ஐ. கணினிக்கு எடுத்துச் சென்று கணக்கிட்டனர். மூளையின் இடது முன்பகுதியில் கட்டி வட்டமாகத் தெளிந்து நின்றது. அறுவை செய்த மருத்துவர், கட்டி படத்தில் கண்டவாறே இருந்தது என்றார்.

அந்தப் பெண்மணியின் தலையில் துளை இல்லை. முதுகில் ஊசி இல்லை. தலைக்குள் காற்றும் இல்லை. அசையாமல் படுத்திருந்தார், அவ்வளவுதான். 1972இல் செய்தி வெளியானதும் உலகெங்கும் மருத்துவமனைகள் அக்கருவியை வாங்க முந்தின. 1970களின் முடிவுக்குள் காற்றுச் செலுத்தும் முறை பெரும்பாலும் வழக்கொழிந்தது. 1979இல் கார்மக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இருவரும் மருத்துவர் அல்லர். இருவரிடமும் முனைவர் பட்டமும் இல்லை. ஓல்டெண்டோர்ஃபின் பெயர் பரிசில் இடம்பெறவில்லை. எனக்கு அதில் இன்றும் மனக்குறை உண்டு. பீட்டில்ஸ் இசைக்குழுவின் இசைத்தட்டு வருவாயால்தான் இக்கருவி பிறந்தது என்று பலரும் சுவையாகச் சொல்வர். ஆராய்ச்சிச் செலவின் பெரும்பங்கைப் பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத்துறையே ஏற்றது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

சி.டி. படம் பிறந்தபோதே ‘படம்’ என்னும் சொல்லின் பொருள் மாறிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஒளி வரைந்த நிழலன்று, எண்களின் அட்டவணை. இன்றும் அந்த எண்களுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே வழங்குகிறது. அவ்வளவையில் தண்ணீர் 0, காற்று -1000, கெட்டியான எலும்பு 1000க்கும் மேல். மூளையின் சாம்பல் நிறப் பகுதியும் வெண்பகுதியும் 20க்கும் 45க்கும் இடையிலேயே அடங்கிவிடும். இரண்டாயிரம் படிகள் கொண்ட ஏணியில், நமக்கு வேண்டிய செய்தி முழுவதும் ஏறக்குறைய இருபத்தைந்து படிகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது! அனைத்தையும் ஒன்றாகத் திரையில் காட்டினால் மூளை முழுவதும் ஒரே சாம்பல் பூச்சாகத் தெரியும். எனவே கணினி, 0 முதல் 80 வரையுள்ள எண்களை மட்டும் எடுத்துக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை விரித்துக் காட்டுகிறது. சன்னல் திறப்பது என்று இதனைக் கூறுவர். மருத்துவர் எனக்குக் காட்டிய படமும் இவ்வாறு சன்னல் திறந்து காட்டப்பட்டதே. படச் செயலாக்கத்தின் அரிச்சுவடி இது.

எண்களாகிய படம் மருத்துவத்திற்கு வெளியே முன்னரே பிறந்திருந்தது. 1957இல் அமெரிக்கத் தேசிய அளவீட்டு நிலையத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், தம் மூன்று மாத மகனின் ஒளிப்படத்தை 176க்கு 176 புள்ளிகளாகப் பிரித்துக் கணினிக்குள் செலுத்தினார். ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை; இடைநிறம் இல்லை. ‘இவ்வளவுக்கு மேல் ஒளி இருந்தால் வெள்ளை’ என்னும் எல்லையை மாற்றி மாற்றிப் பலமுறை பதிந்து, அவற்றைச் சேர்த்தபோதுதான் குழந்தையின் கன்னத்தில் சாயல் விழுந்தது. 1964இல் ரேஞ்சர் 7 விண்கலம் அனுப்பிய நிலவுப் படங்களின் கறைகளைக் கணினியால் நீக்கினர். நிலவுக்காகக் கற்ற வித்தை விரைவில் மருத்துவப் படங்களுக்கும் வந்து சேர்ந்தது.

இதனிடையே இன்னொரு கருவியும் தோன்றியது. 1971இல் ரேமண்ட் டமேடியன், கட்டித் திசுவிலுள்ள நீரின் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் நலமான திசுவினின்றும் வேறுபட்டு நடந்துகொள்வதை எலிகளில் கண்டார். 1973இல் பால் லாட்டர்பர் அப்பண்பைக் கொண்டு படமே வரையலாம் என்று நீர்க்குழாய்கள் இரண்டைக் கொண்டு காட்டினார். இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு அதை விரைவுபடுத்தினார். லாட்டர்பரும் மான்ஸ்ஃபீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர். விடுபட்ட டமேடியன் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துத் தம் சினத்தை வெளிப்படுத்தினார். இதுவே எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படம். இதில் ஊடுகதிர் இல்லை. மண்டையோட்டின் நிழலும் குறுக்கே வருவதில்லை. ஒரே மூளையைப் பல முறைகளில் எடுக்கலாம். ஒரு முறையில் வீக்கநீர் வெண்மையாக ஒளிரும். இன்னொன்றில், கடோலினியம் என்னும் மருந்தைக் குருதியில் ஏற்றிய பின், கட்டியின் உயிர்த்துடிப்புள்ள பகுதி ஒளிரும். அதன் நடுவே செத்துப்போன பகுதி கருமையாக நிற்கும். கட்டி ஒன்று, அதன் எல்லைகள் மூன்று.

அந்த எல்லைகளை யார் வரைவது? அறுவைக்கும் கதிர்மருத்துவத்துக்கும் எல்லை வேண்டும். கட்டி வளர்ந்ததா சுருங்கியதா என்று அறியவும் எல்லை வேண்டும். மருத்துவர் ஒருவர் நூற்றுக்கு மேற்பட்ட வெட்டுப் படங்களில் ஒவ்வொன்றாகக் கோடு வரைய வேண்டுமானால் மணிக்கணக்கில் ஆகும். கணினியிடம் விட்டால் என்ன?

முதலில் எளிய வழியையே முயன்றனர். நாம் தேர்வுத் தாள்களைத் திருத்திய பின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால், சில ஆண்டுகளில் மாணவர்கள் இரண்டு குவியல்களாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். இரண்டு குவியல்களுக்கும் இடையே தேர்ச்சிக்கோட்டை எங்கே போட்டால் பிரிவு மிகத் தெளிவாக அமையும்? படப்புள்ளிகளின் எண்களுக்கு இந்தக் கோட்டைத் தானாகவே கண்டுபிடிக்கும் முறையை 1979இல் ஜப்பானியர் நொபுயுக்கி ஒட்சு வகுத்தார். இன்றளவும் மாணவர்கள் முதலில் கற்கும் முறை அதுவே. ஆனால் மூளைக்கட்டிக்கு அது போதவில்லை. மருந்தேற்றிய படத்தில் குருதிக்குழாய்களும் ஒளிரும். தலைத்தோலின் கொழுப்பும் ஒளிரும். சி.டி. எண்களுக்குத் தண்ணீர் என்னும் அளவுகோல் உண்டு, எம்.ஆர்.ஐ. எண்களுக்கு அத்தகைய பொது அளவுகோல் இல்லை. ஒரே மூளை இரண்டு கருவிகளில் இரண்டு விதமான எண்களைத் தரும். போதாக்குறைக்கு, சன்னலோரம் அமர்ந்த மாணவர்களின் முகம் சற்று ஒளிர்வதுபோல், படத்தின் ஒரு பக்கம் காரணமின்றி வெளுத்தும் இருக்கும். எனவே புள்ளிக் கறைகளை நீக்குதல், வெளுப்பைச் சமன்செய்தல், மண்டையோட்டை உரித்தல், பல முறைப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துதல் என்று முன்னேற்பாடுகள் வளர்ந்தன. இடப்பாதியையும் வலப்பாதியையும் ஒப்பிட்டு வேறுபாட்டைத் தேடியோரும் உண்டு. நல்ல எண்ணம்தான்; ஆனால் பெருங்கட்டி நடுக்கோட்டையே தள்ளிவிடும்போது எதை எதனோடு ஒப்பிடுவது? என் மாணவனின் கட்டியைப்போல் சிறுமூளையின் நடுவை ஒட்டியது என்றால் ஒப்பிட மறுபாதியே இல்லை.

2012இல் ஆய்வாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தனர். ஆளுக்கொரு படத்தை வைத்துக்கொண்டு தத்தம் முறையே சிறந்தது என்று சொல்லிவந்த நிலையை மாற்ற, நோயாளிகளின் படங்களைப் பொதுவில் வைத்து, ‘பிராட்ஸ்’ என்னும் போட்டியைத் தொடங்கினர். வல்லுநர்கள் வரைந்த எல்லையோடு கணினி வரைந்த எல்லை எவ்வளவு ஒன்றுகிறது என்பதே மதிப்பெண். அதனை அளக்கும் சூத்திரம் 1945இல் லீ டைஸ் என்னும் அமெரிக்க உயிரியலாளர் இரண்டு உயிரினங்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்வதை அளப்பதற்காக வகுத்தது! அப்போட்டியின் முடிவுகள் 2015இல் கட்டுரையாக வெளிவந்தபோது வெளிப்பட்ட ஓர் உண்மை என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஒரே படத்தில் வல்லுநர்கள் வரைந்த எல்லைகளே ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தவில்லை. கட்டியின் பகுதிக்கேற்ப அவர்களிடையே ஒற்றுமை நூற்றுக்கு 74 முதல் 85 வரையே இருந்தது. விடைத்தாளைத் திருத்த அமர்ந்தோரிடம் விடைக்குறிப்பே ஒன்றாக இல்லை. கணினி முறைகளிலும் எல்லாப் பகுதிகளிலும் முதலிடம் பெற்றது எதுவுமில்லை. சிறந்த முறைகள் பலவற்றின் விடைகளைச் சேர்த்துப் பெரும்பான்மை வாக்கெடுத்தபோதுதான் தனித்தனி முறைகளைவிட நல்ல விடை கிடைத்தது.

அதே 2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகர ஆய்வாளர்கள் ‘யூ-நெட்’ என்னும் வலைப்பின்னலை வெளியிட்டனர். இது விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் முறையன்று. விடையோடு கூடிய படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கும் முறை. படத்தைப் படிப்படியாகச் சுருக்கி முழுத்தோற்றத்தை உணர்ந்து, பின் படிப்படியாக விரித்து நுண்ணிய எல்லையை மீட்கிறது. ஆங்கில ‘யூ’ எழுத்தைப்போல் இறங்கி ஏறுவதால் அப்பெயர். உயிரணுப் படங்களுக்கான ஒரு போட்டியில் முப்பதே படங்களைக் கொண்டு அதனைப் பழக்க முடிந்தது. அதன் வழித்தோன்றல்களே அடுத்து வந்த ஆண்டுகளில் மூளைக்கட்டி ஆய்விலும் கோலோச்சின.

பழக்கிய படங்களைப் பொறுத்ததே பழகியவனின் அறிவு. வசதி மிக்க நாடுகளின் உயர்தரக் கருவிகளில் எடுத்த படங்களைக் கண்டு பழகிய கணினி, பழைய கருவியில் எடுத்த மங்கலான படத்தின் முன் தடுமாறும். இதனை உணர்ந்தே 2023ஆம் ஆண்டுப் போட்டியில் ஆப்பிரிக்க மருத்துவமனைகளின் படங்களுக்கென்று தனிப் பிரிவு அமைத்தனர். நகரப் பள்ளிக்கென்று எழுதிய வினாத்தாளைத் தோட்டப்புறப் பிள்ளைகளிடம் நீட்டிய அனுபவம் நம்முள் பலருக்கு உண்டு. மேலும், எல்லையை எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும், கட்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் படம் மட்டும் உறுதிசெய்துவிட முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாடு பல கட்டிகளுக்கு மரபணுச் சோதனையையும் வேண்டுகிறது.

என் மாணவனின் கட்டி, பிள்ளைகளுக்கு வரும் மெதுவாக வளரும் வகை. அறுவையில் அதனை அகற்றினார்கள். மறு ஆண்டு அவன் பள்ளிக்குத் திரும்பினான். நடை சீரானது, எழுத்து மட்டும் பழைய அழகுக்கு மீளவில்லை. பிழைப்புக்கு வாகனம் பழுதுபார்க்கிறான். தீபாவளிக்கு வீட்டுக்கு வருவான். அவன் அன்று எழுதிய ஏடு என்னிடம் இருக்கிறது. ஒரு முறை அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேதிகளைக் கணக்கிட்டேன். எழுத்து முதன்முதலாகக் கோட்டைவிட்டு இறங்கிய பக்கத்துக்கும் மருத்துவமனையில் படம் எடுத்த நாளுக்கும் இடையே ஏழு வாரங்கள். அந்த ஏழு வாரங்களிலும் பக்கத்துக்குப் பக்கம் என் சிவப்பு மை இருக்கிறது.